வாக்காளருக்கு மட்டும் மறைக்கப்பட்ட கணக்கு

2018 ஏப்ரல் மாதம். பத்திரிகையாளர் பூனம் அகர்வால் பாரத ஸ்டேட் வங்கியில் ஆயிரம் ரூபாய் கட்டி ஒரு தேர்தல் பத்திரம் வாங்கினார். சில நாட்களில் இன்னொன்றும் வாங்கினார். இரண்டிலும் வாங்கியவர் பெயர் இல்லை, எந்தக் கட்சிக்கு என்ற குறிப்பும் இல்லை, வெறும் கண்ணுக்கு எந்த எண்ணும் தெரியவில்லை. அரசு சொன்னபடியே அடையாளமற்ற காகிதம். அதை அவர் தடயவியல் ஆய்வகத்துக்கு அனுப்பினார். அங்கே புற ஊதா ஒளியின் கீழ் வைத்தபோது, பத்திரத்தின் மேல் மூலையில் எழுத்தும் இலக்கமும் கலந்த ஓர் எண் ஒளிர்ந்தது. ஒவ்வொரு பத்திரத்துக்கும் ஒவ்வோர் எண்.

செய்தி வெளியானதும் நிதி அமைச்சகம் விளக்கம் தந்தது. கள்ளப் பத்திரம் அச்சாகாமல் தடுக்கும் பாதுகாப்பு ஏற்பாடுதான் அது, வாங்குபவர் பெயரோடு சேர்த்து அந்த எண் எங்கும் குறித்து வைக்கப்படுவதில்லை என்றது. ஆறு ஆண்டுகள் கழித்து, 2024 மார்ச் 21 அன்று, உச்ச நீதிமன்றத்தின் கண்டிப்புக்குப் பிறகு, அதே வங்கி அந்த எண்களைத் தேர்தல் ஆணையத்திடம் ஒப்படைத்தது. வாங்கியவர் பட்டியலிலும் எண் இருந்தது, பணமாக்கிய கட்சியின் பட்டியலிலும் எண் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்த சில மணி நேரத்தில், யார் பணம் யாருக்குப் போனது என்பதை நாடு முழுக்கப் பத்திரிகையாளர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அத்தனை ஆண்டுகளும் தகவல் இருந்திருக்கிறது. கொடுத்தவருக்குத் தெரியும், வாங்கிய கட்சிக்குத் தெரிந்துகொள்ள வழி இருந்தது, அரசு வங்கியின் கணினியில் பதிவு இருந்தது. வரிசையில் நின்று ஓட்டுப் போட்டவருக்கு மட்டும்தான் எதுவும் தெரியாது. அரசியல் நன்கொடை மக்கள் பிரதிநிதிகளை என்ன செய்கிறது என்ற கேள்விக்கு இந்தியாவில் தேர்தல் பத்திரத்தைப் போல வெளிச்சமான சான்று வேறு கிடைத்ததில்லை. ஆனால் வெளிச்சம் வந்த பிறகு நடந்தது என்ன? அங்கேதான் நம் கவலை தொடங்குகிறது.

எச்சரித்தும் வந்த சட்டம்

2017 பட்ஜெட் உரையில் அன்றைய நிதியமைச்சர் அருண் ஜெட்லி இந்தத் திட்டத்தை அறிவித்தார். கட்சிகளுக்குக் கறுப்புப் பணம் போவதைத் தடுக்கவும், நன்கொடையாளர்களைப் பழிவாங்கலிலிருந்து காக்கவும் இது தேவை என்பது அரசின் வாதம். நிதி மசோதாவுக்குள் வைத்தே கம்பெனிச் சட்டம், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், வருமான வரிச் சட்டம், ரிசர்வ் வங்கிச் சட்டம் எல்லாம் திருத்தப்பட்டன. பண மசோதாவாகக் கொண்டுவந்ததால் மாநிலங்களவையால் அதைத் தடுக்க முடியவில்லை.

ரிசர்வ் வங்கி முன்கூட்டியே எதிர்ப்பு தெரிவித்திருந்தது. இது பின்னோக்கிய நடவடிக்கை என்று தேர்தல் ஆணையம் 2017 மே மாதம் சட்ட அமைச்சகத்துக்கு எழுதியது. இரண்டு எச்சரிக்கைகளையும் தாண்டி 2018 ஜனவரி 2-ல் திட்டம் அரசிதழில் வந்தது.

பெட்டிச் செய்தி: தேர்தல் பத்திரம் எப்படி வேலை செய்தது?

விற்கும் உரிமை பாரத ஸ்டேட் வங்கிக்கு மட்டும். மதிப்பு 1,000 ரூபாய், 10,000, 1 லட்சம், 10 லட்சம், 1 கோடி என ஐந்து வகை.

ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் 10 நாட்கள் வீதம் விற்பனை. வாங்கிய 15 நாட்களுக்குள் கட்சி பணமாக்க வேண்டும். கடைசியாக மக்களவை அல்லது சட்டமன்றத் தேர்தலில் 1 சதவிகித வாக்காவது பெற்ற பதிவுபெற்ற கட்சிக்கே தகுதி.

மூன்றாண்டு சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவிகிதத்துக்கு மேல் ஒரு நிறுவனம் நன்கொடை தரக் கூடாது என்றிருந்த வரம்பு நீக்கப்பட்டது. நஷ்டத்தில் ஓடும் நிறுவனமும் எவ்வளவு வேண்டுமானாலும் தரலாம் என்றானது. எந்தக் கட்சிக்குத் தந்தோம் என்று கணக்கில் காட்டும் கட்டாயமும் போனது.

2018 முதல் 2024 ஜனவரி வரை 30 கட்டங்களில் சுமார் 16,500 கோடி ரூபாய்க்குப் பத்திரங்கள் விற்றன. தொகையில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் 1 கோடி ரூபாய் பத்திரங்கள்.

பட்டியலில் இருந்தவர்கள்

2024 பிப்ரவரி 15 அன்று, தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு திட்டத்தை ஒருமனதாக ரத்து செய்தது. வாக்காளரின் அறியும் உரிமையை இது பறிக்கிறது என்றது தீர்ப்பு. 2019 ஏப்ரல் 12 முதல் விற்ற பத்திரங்களின் விவரத்தை வெளியிடவும் உத்தரவிட்டது. வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. அதற்குள் மக்களவைத் தேர்தலே முடிந்திருக்கும். நீதிமன்றம் ஒரு நாள் அவகாசம் கொடுத்தது. மார்ச் 14 மாலை, தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் பட்டியல் ஏறியது.

அந்தப் பட்டியலின் காலகட்டத்தில் பா.ஜ.க. பணமாக்கியது சுமார் 6,060 கோடி ரூபாய். திரிணமூல் காங்கிரஸ் 1,600 கோடியைத் தாண்டியது. காங்கிரஸ் சுமார் 1,421 கோடி, பாரத் ராஷ்டிர சமிதி சுமார் 1,214 கோடி. மார்க்சிஸ்ட் கட்சி பத்திரம் வாங்குவதில்லை என்று முடிவெடுத்து, திட்டத்தை எதிர்த்த வழக்கிலும் மனுதாரராக நின்றது.

மிக அதிகமாகப் பத்திரம் வாங்கிய நிறுவனம் நம் கோயம்புத்தூரில் இருந்தது. லாட்டரி தொழிலதிபர் சாண்டியாகோ மார்ட்டினின் ஃபியூச்சர் கேமிங் நிறுவனம் 1,368 கோடி ரூபாய்க்கு வாங்கியிருந்தது. 2022 ஏப்ரல் 2-ல் அந்த நிறுவனத்தின் சுமார் 410 கோடி ரூபாய் சொத்துகளை அமலாக்கத் துறை முடக்கியது. ஐந்தே நாளில், ஏப்ரல் 7-ல், நிறுவனம் 100 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியது. அதன் பணத்தில் பெரும்பங்கு இரண்டு கட்சிகளுக்குப் போயிற்று. லாட்டரிச் சீட்டு பெருமளவில் விற்கும் மேற்கு வங்கத்தை ஆண்ட திரிணமூலுக்கு 542 கோடி, தி.மு.க.வுக்கு 500 கோடிக்கு மேல். பா.ஜ.க.வுக்கும் 100 கோடி போனது.

தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரிக்குத் தடை வந்துவிட்டது. தி.மு.க. ஆட்சிக்கு வந்த பிறகும் தடை தொடர்கிறது. ஆகவே இங்கே நேரடியான கைமாறு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. அப்படியிருந்தும் ஒரு கேள்வியை விட முடியாது. தன் பொருளை விற்கவே முடியாத ஒரு மாநிலத்தின் கட்சிக்கு ஒரு நிறுவனம் ஏன் இத்தனை கோடி கொடுத்தது? கட்சியோ நிறுவனமோ இன்றுவரை மக்களுக்கு நேராக இதற்கு விடை சொல்லவில்லை.

ஒரு விஷயத்தில் தி.மு.க.வைப் பாராட்ட வேண்டும். கொடுத்தவர் யாரென்று தெரியாது என்று பல கட்சிகள் கைவிரித்தபோது, அது நன்கொடையாளர்களிடமே விவரம் கேட்டுப் பெற்று ஆணையத்திடம் தந்தது. மொத்தம் 656.5 கோடியில் ஃபியூச்சர் கேமிங் தந்தது 509 கோடி, மேகா இன்ஜினீயரிங் 105 கோடி, இந்தியா சிமென்ட்ஸ் 14 கோடி என்று அதில் இருந்தது. ஆட்சியைப் பிடித்த 2021-22 நிதியாண்டில் மட்டும் அந்தக் கட்சிக்குப் பத்திரம் வழி வந்தது 306 கோடி. அ.தி.மு.க.வும் பெயர்களைச் சொன்னது. அதற்கு மொத்தமே 6.05 கோடிதான், பெரும்பகுதி சென்னை சூப்பர் கிங்ஸ் கிரிக்கெட் நிறுவனம் தந்தது. பத்தாண்டுகள் தொடர்ந்து ஆண்ட ஒரு கட்சிக்கு இவ்வளவுதானா என்று வாசகர் கேட்கலாம். பத்திரக் கணக்கை மட்டும் வைத்து எந்தக் கட்சிக்கு வந்த பணத்தையும் அளந்துவிட முடியாது என்பதையே இது காட்டுகிறது.

ஐக்கிய ஜனதா தளம் தந்த பதிலை எத்தனை முறை படித்தாலும் மனம் ஏற்கவில்லை. 2019 ஏப்ரல் 3 அன்று பாட்னா அலுவலகத்துக்கு யாரோ வந்து ஒரு மூடிய உறையைக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு கோடி ரூபாய் பத்திரங்கள் பத்து. கொடுத்தவர் யார் என்று தெரியாது, விசாரிக்கவும் இல்லை என்று ஆளும் கட்சி ஒன்று தேர்தல் ஆணையத்துக்கே எழுதிக் கொடுக்கிறது.

பயமா, பிரதிபலனா?

நன்கொடை என்றதும் கொடுத்துக் காரியம் சாதிப்பதுதான் நம் நினைவுக்கு வரும். பத்திரப் பட்டியலில் அதற்கு நேர் எதிரான இன்னொரு சாயலும் தெரிந்தது. அதிகாரத்துக்குப் பயந்து கொடுப்பது.

டெல்லி மதுக் கொள்கை வழக்கில் அரபிந்தோ பார்மா நிறுவனத்தின் இயக்குநர் சரத் சந்திர ரெட்டியை 2022 நவம்பர் 10-ல் அமலாக்கத் துறை கைது செய்தது. நவம்பர் 15-ல் அந்த நிறுவனம் 5 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியது. சில நாளில் பா.ஜ.க. அதைப் பணமாக்கியது. 2023 ஜூனில் ரெட்டி அப்ரூவர் ஆனார். நவம்பரில் அதே நிறுவனத்தின் 25 கோடி ரூபாய் மீண்டும் பா.ஜ.க.வுக்குப் போனது. அதே வழக்கில்தான் 2024 மார்ச்சில் அன்றைய டெல்லி முதல்வர் கெஜ்ரிவால் கைதானார். நிறுவனம் வேறு கட்சிகளுக்கும் கொடுத்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பாரத் ராஷ்டிர சமிதிக்கு 15 கோடி, தெலுங்கு தேசத்துக்கு 2.5 கோடி.

தேதிகள் அடுத்தடுத்து வருவதாலேயே குற்றம் நிரூபணமாகிவிடாது. ஆனால் விசாரிக்கக்கூட வேண்டாத அளவுக்கா அவை சாதாரணமானவை? மத்திய விசாரணை அமைப்புகளின் நடவடிக்கைக்கு உள்ளான 41 நிறுவனங்கள் பா.ஜ.க.வுக்கு 2,471 கோடி ரூபாய் கொடுத்தன என்று மனுதாரர் தரப்பு வழக்கறிஞர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். இவையெல்லாம் ஊகங்கள் என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் மறுத்தார். பத்திரத்தை ஒழித்ததற்காக எல்லோரும் வருந்துவார்கள் என்று பிரதமர் மோடி பேட்டியில் சொன்னார்.

ஒப்பந்தங்களின் கதை இன்னும் பெரிது. ஹைதராபாத்தின் மேகா இன்ஜினீயரிங் 966 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கி இரண்டாம் இடத்தில் இருந்தது. தெலங்கானாவில் காளேஸ்வரம் நீரேற்றுத் திட்டத்தில் பெரும்பங்கு வேலை அதற்கு, அங்கே ஆண்ட கட்சிக்கு 195 கோடி. காஷ்மீரில் ஜோஜிலா சுரங்கப்பாதை அதற்கு, மத்தியில் ஆளும் கட்சிக்கு 584 கோடி. 2023 ஏப்ரலில் நூறு கோடிக்கும் மேல் பத்திரம் வாங்கிய அடுத்த மாதம், மகாராஷ்டிரத்தில் தானே–போரிவிலி சுரங்கப்பாதைக்கான சுமார் 14,400 கோடி ரூபாய் வேலை அதற்குக் கிடைத்தது. எந்தெந்த மாநிலத்தில் யார் ஆள்கிறாரோ அவர் பக்கம் பணம் போயிருக்கிறது. கட்சியின் கொள்கை மீது வைத்த பற்று இதில் எங்கே இருக்கிறது?

கம்பெனி வரம்பு நீங்கியதன் விளைவை க்விக் சப்ளை செயின் நிறுவனத்தின் கணக்கில் பார்க்கலாம். 2021-22-ல் அதன் லாபம் சுமார் 21.7 கோடி. அதே ஆண்டில் அது வாங்கிய பத்திரம் 360 கோடி. பழைய விதி இருந்திருந்தால் இரண்டு கோடியைக்கூட எட்டியிருக்க முடியாது.

நிறுவனங்கள் தரும் நன்கொடை பிரதிபலன் எதிர்பார்த்துச் செய்யும் வணிக நடவடிக்கையே என்று தலைமை நீதிபதியின் தீர்ப்பு தெளிவாகச் சொன்னது. பணம் கொடுத்தவருக்கு ஆட்சியாளரைச் சந்திக்க வழி திறக்கிறது, அந்தச் சந்திப்பே கொள்கையைத் தீர்மானிக்கும் செல்வாக்காக மாறுகிறது என்றும் விளக்கியது. இத்தனை தெளிவாகச் சொன்ன அதே நீதிமன்றம், கைமாறு நடந்ததா என்று விசாரிக்கச் சிறப்புக் குழு அமைக்கக் கோரிய மனுக்களை 2024 ஆகஸ்ட் 2-ல் ஏற்க மறுத்தது. வழக்கமான சட்ட வழிகள் இருக்கும்போது நீதிமன்றம் தலையிடத் தேவையில்லை என்றது. வழக்கமான வழி என்றால் காவல் துறை, சி.பி.ஐ., அமலாக்கத் துறை. எந்த அரசுகளின் கட்சிகள் பணம் பெற்றனவோ அதே அரசுகளின் கையில் இருக்கும் அமைப்புகள். சாமானியர் எங்கே போய் நிற்பார்?

நம் எம்.எல்.ஏ. யாருக்குப் பதில் சொல்கிறார்?

அமெரிக்காவில் நன்கொடையாளர் குறிப்பிட்ட செனட்டருக்கோ காங்கிரஸ் உறுப்பினருக்கோ கொடுப்பார். அந்த உறுப்பினர் எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தார் என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும். இங்கே அந்தக் கணக்கு வேறு. 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின் கீழ், கொறடா உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியை இழக்கலாம். ஆகவே 234 எம்.எல்.ஏ.க்களையோ 543 எம்.பி.க்களையோ தனித்தனியாகப் பார்க்க வேண்டிய அவசியம் பெரிய நிறுவனத்துக்கு இல்லை. கட்சித் தலைமையைப் பார்த்தால் போதும், கீழே இருப்பவர்கள் கை தூக்குவார்கள். தன் தொகுதியில் ஆலைக் கழிவு ஆற்றில் கலக்கிறது என்று ஒரு உறுப்பினர் பேச விரும்பினாலும், அந்த ஆலை முதலாளி கட்சிக்குக் கொடுத்தது என்ன என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். தலைமைக்குத் தெரியும்.

வேட்பாளர் செலவுக்கு வரம்பு உண்டு. பெரிய மாநிலங்களில் சட்டமன்றத் தொகுதிக்கு 40 லட்சம், மக்களவைத் தொகுதிக்கு 95 லட்சம். கட்சியின் செலவுக்கோ வரம்பே கிடையாது. 1974-ல் கன்வர்லால் குப்தா வழக்கில், வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவையும் அவர் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தி அந்தத் தீர்ப்பை அரசு செயலிழக்கச் செய்தது. ஹெலிகாப்டர், தொலைக்காட்சி விளம்பரம், சமூக ஊடகப் பிரசாரம் எல்லாம் அந்தத் திறந்த கதவு வழியாகத்தான் வருகின்றன.

அடியில் ஓடுவது இன்னொரு பணம். எந்த ஏட்டிலும் ஏறாதது. திருமங்கலத்தில் 2009 இடைத்தேர்தல், 2016-ல் அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும், 2017-ல் ஆர்.கே.நகர் என்று பட்டுவாடாவின் வரலாறு நமக்கு மனப்பாடம். 2019-ல் 11 கோடி ரூபாய்க்கும் மேல் பிடிபட்டதைத் தொடர்ந்து வேலூர் மக்களவைத் தேர்தலே ரத்தானது. பணத்துக்காக ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தல் நிறுத்தப்பட்டது நாட்டிலேயே அதுதான் முதல் முறை. ஓட்டுக்குப் பணம் வாங்கும் மக்களைத் திட்டுவது எளிது. வீட்டுக்கு வீடு கொடுக்கிற அந்தக் கட்டுகள் எங்கிருந்து வருகின்றன, போட்ட பணத்தை யார், எந்த ஒப்பந்தத்தில், எந்த மணல் குவாரியில் திரும்ப எடுக்கிறார் என்று கேட்பதுதான் நியாயம். ஏழை வாக்காளர் வாங்கும் சில நூறு ரூபாய் குற்றம் என்றால், பெயர் சொல்லாமல் கை மாறும் கோடிகளை நாம் எந்த வாயால் நன்கொடை என்கிறோம்?

மாத்திரை அட்டைக்குள்ளும்

பத்திரம் வாங்கியவர்களில் மருந்து நிறுவனங்கள் கணிசம். அவற்றுள் சில, தரக்குறைவான மருந்துக்காகக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் நோட்டீஸைப் பெற்றிருந்தவை என்பதைப் பத்திரிகையாளர்கள் கூட்டாகச் சேர்ந்து வெளிக்கொணர்ந்தார்கள். நம் நாட்டில் மருந்து ஆலைக்கு உரிமம் தருவதும் அதை ரத்து செய்வதும் பெரும்பாலும் மாநில அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. ஆலை எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த அரசின் கண்டிப்பைப் பொறுத்தே, வேறு மாநிலத்து நோயாளி விழுங்கும் மாத்திரையின் தரம். நன்கொடையால் ஒரு நடவடிக்கை தளர்ந்தது என்று எவரும் நிரூபிக்கவில்லை. ஆனால் ஆய்வு செய்ய வேண்டிய அதிகாரியின் மேலே இருக்கும் கட்சி, ஆய்வுக்கு உள்ளாகும் ஆலையிடம் ரகசியமாகப் பணம் வாங்க முடிந்தது. அரசு மருத்துவமனை வரிசையில் நின்று மாத்திரை வாங்கிச் செல்லும் பெண்மணிக்கு இதில் எந்தக் காப்பும் இல்லை. எனக்கு இந்தப் பட்டியலிலேயே மிகவும் வலித்த பகுதி இதுதான்.

பெட்டிச் செய்தி: அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தெரிந்த ஆபத்து

1957: டாடா இரும்பு ஆலை கட்சிக்கு நிதி தரலாமா என்ற வழக்கில், சட்டப்படி அனுமதித்தாலும், இந்தப் பழக்கம் ஜனநாயகத்துக்கு ஆபத்தாகும் என்று பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா எச்சரித்தார்.

1964: தமிழரான கே. சந்தானம் தலைமையிலான ஊழல் தடுப்புக் குழு, கம்பெனிகள் கட்சிகளுக்கு நிதி தருவதைத் தடை செய்யப் பரிந்துரைத்தது.

1969: இந்திரா காந்தி அரசு தடை கொண்டுவந்தது. ராஜாஜி தொடங்கிய சுதந்திரா கட்சிக்குத் தொழிலதிபர்கள் தந்துவந்த ஆதரவும் இதனால் அடிபட்டது. மாற்றாக அரசு நிதி எதுவும் ஏற்பாடு செய்யப்படாததால், பணம் கணக்கில் வராத வழியில் ஓடியது.

1985: ராஜீவ் காந்தி அரசு கம்பெனி நன்கொடையை மீண்டும் அனுமதித்தது.

பத்திரம் போனது, பணம் நிற்கவில்லை

தீர்ப்புக்குப் பிறகு பெரு நிறுவனங்கள் பழைய வழியான தேர்தல் அறக்கட்டளைகளுக்குத் திரும்பின. 2024-25 நிதியாண்டில் அறக்கட்டளைகள் கட்சிகளுக்குக் கொடுத்தது சுமார் 3,811 கோடி ரூபாய். அதில் பா.ஜ.க.வுக்கு மட்டும் சுமார் 3,112 கோடி, அதாவது நூற்றுக்கு 82. காங்கிரஸுக்கு 300 கோடியை ஒட்டி. அறக்கட்டளை வழி வருவதில் பெயர் தெரிகிறது என்பது முன்னேற்றம்தான். ஆனால் பல நிறுவனங்களின் பணம் ஒரே தொகுப்பில் சேர்ந்து பல கட்சிகளுக்குப் பிரிவதால், எவர் பணம் எவருக்கு என்ற முடிச்சு இன்னமும் முழுதாக அவிழவில்லை. ஒரு கட்சிக்கு எண்பது பங்கும் மற்ற எல்லோருக்கும் இருபது பங்கும் என்றால், அது சமமான களமாகவும் இருக்க முடியாது.

தீர்ப்பால் 7.5 சதவிகித லாப வரம்பு திரும்ப வந்துவிட்டது. அதோடு நிற்காமல் கட்சியின் செலவுக்கும் வரம்பு வேண்டும். அரசு ஒப்பந்தம் பெறும் நிறுவனம் நன்கொடை தரக் கூடாது என்ற விதி வேண்டும். எத்தனையோ குறைகள் உள்ள அமெரிக்காவிலேயே மத்திய அரசின் ஒப்பந்ததாரர்கள் கூட்டாட்சித் தேர்தல்களுக்கு நன்கொடை தரத் தடை இருக்கிறது. நம் கம்பெனிச் சட்டம் அரசு நிறுவனங்களையும், தொடங்கி மூன்றாண்டு ஆகாத நிறுவனங்களையும் மட்டும் தடுக்கிறது. சாலை போடும் காண்ட்ராக்டரைத் தடுக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால், தேதி. அமெரிக்காவில் வாக்குப்பதிவுக்கு முந்தைய மூன்று வாரத்தில், ஆயிரம் டாலரோ அதற்கு மேலோ பெறும் கூட்டாட்சி வேட்பாளரின் பிரசாரக் குழு 48 மணி நேரத்தில் அதைத் தெரிவிக்க வேண்டும். இங்கே 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடைகளின் விவரத்தை ஆண்டுக்கு ஒரு முறை, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாளுக்கு முன் தந்தால் போதும். 2024 மக்களவைத் தேர்தல் நடந்த ஏப்ரல், மே மாத நன்கொடைகள் 2024-25 கணக்கில் சேர்ந்து, மக்கள் பார்வைக்கு வந்தபோது 2025 முடியும் தறுவாயில் இருந்தது. தமிழ்நாட்டிலும் இதே கணக்குதான். 2026 சட்டமன்றத் தேர்தலையொட்டி, ஏப்ரல் 1 முதல் நம் கட்சிகள் பெற்ற நன்கொடை 2026-27 கணக்கில் சேரும். அறிக்கை தர 2027 அக்டோபர் வரை அவகாசம் உண்டு. ஒவ்வொரு நன்கொடையையும் ஒரு வாரத்துக்குள் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் ஏற்ற வேண்டும் என்ற ஒரே ஒரு சட்டத் திருத்தத்துக்குப் பணமும் தேவையில்லை, புதிய தொழில்நுட்பமும் தேவையில்லை. தெருவுக்கு வந்து ஓட்டுக் கேட்பவர்களிடம், இதை ஆதரித்துச் சபையில் பேசுவீர்களா என்று நாமும் நேருக்கு நேர் கேட்கலாம்.